லேபிள் இல்லாத இசைத்தட்டு

1

முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். கதை எழுதும் துணிவு எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. பிழையின்றி விண்ணப்பம் எழுதக் கற்றவன், அவ்வளவே. ஆயினும், ஒரு சின்னஞ்சிறு ராப் இசைத்தட்டுக் கம்பெனி வளர்ந்த கதையைச் சொல்லும் அந்தப் பழைய படத்தை எங்கள் பிராங்ஸில் அறியாதவர் இல்லை. அதன் விருந்துக் காட்சியில் ராப் பாடகன் ரெனார்ட் மைக்கைப் பிடித்துப் பாடுகிறான். பின்னால் இசைத்தட்டு ஓட்டும் இரண்டு டர்ன்டேபிள்கள் சுழல்கின்றன. அவற்றுக்குப் பின்னால் யாருமில்லை. அங்கே நின்றிருக்க வேண்டியவனைப் பற்றியதே இக்கதை.

2

முதல் தொடக்கம்: “1984ஆம் ஆண்டுக் கோடையில், தகிக்கும் மொட்டைமாடிகளுக்கு மேலே நிலவு—”

(நீக்கிவிடுகிறேன். நிலவுக்கு இதில் வேலை இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: அலோன்ஸோ டிப்ஸ் தன் இசைத்தட்டுகளைக் குளியல் தொட்டியில் ஊறவைப்பான்.

இதுவே இருக்கட்டும். டிஜேயான அவன் பூங்காவில் கூட்டத்தை ஆடவைக்கத் தட்டுகளைச் சுழற்றும்போது, போட்டி டிஜேக்கள் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, தட்டின் நடுவே பெயர் அச்சிட்ட லேபிளைப் படிப்பார்கள். மறுவாரம் அதே தட்டு அவர்கள் தெருவில் ஒலிக்கும். எனவே வெந்நீரில் ஊறவைத்து, லேபிளை உரித்து எறிந்துவிடுவது தொழில் வழக்கம். அலோன்ஸோ உறைகளையும் எரித்தான். எந்தத் தட்டு எதுவென்று விரலால் தடவியே சொல்வான். அவற்றுள் ஒன்றில் வரும் டிரம்ஸ் பகுதிக்காகவே கூட்டம் காத்திருக்கும். அதன்மேல்தான் அவன் நண்பன் ரெனார்டின் பாட்டு வளர்ந்தது.

ஆனால் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது ரெனார்டோடு மட்டும். ஊருக்கு வெளியே அலோன்ஸோவின் முகம் தெரிய, கம்பெனியைப் பற்றிய அந்தப் படம் ஒன்றே வழியாயிருந்தது.

3

படப்பிடிப்பு நாள். படக் கம்பெனியின் மிஸ் கெர்ஸ்டீன் வந்தார்.

“மிஸ்டர் டிப்ஸ், அந்தத் தட்டோட பேரு சொல்லுங்க. யாருக்கு உரிமைன்னு பாத்து அனுமதி வாங்கணும். இல்லன்னா படத்துல போட முடியாது.”

“பேரு சொல்ற பழக்கம் நமக்குக் கிடையாதுங்க மேடம்.”

ரெனார்ட் சிரித்தான். “பொண்டாட்டிகிட்டயே சொல்லாதவன் மேடம் இவன். தூக்கத்துல உளறிடுவோமேன்னு வாயைக் கட்டிக்கிட்டுப் படுக்குற ஆளு!”

எல்லோரும் சிரித்தனர். அலோன்ஸோவும் சிரித்தான்.

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது: அலோன்ஸோவுக்கு அந்தப் பெயர் தெரியாது. பழைய தட்டுகளை மூட்டையாக வாங்கி வந்த அன்றே, ஒழுங்காகப் படிக்காமல் தொட்டியில் போட்டுவிட்டான். இதைக் கடைசிவரை ஒளித்து வைப்பதே சாமர்த்தியம் என்பார்கள். வாசகரிடம் அப்படி நடந்துகொள்வது எனக்கு மரியாதையாகப் படவில்லை.)

“மதியத்துக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா டிரம்ஸ் மெஷின் வச்சு எடுத்துடுவோம். அப்போ நீங்க நிக்க வேண்டிய அவசியம் இருக்காது” என்றார் மிஸ் கெர்ஸ்டீன்.

ரெனார்ட் அவனை ஓரமாக இழுத்துப் போனான்.

“டேய், போதும்டா பந்தா. என் காதுல மட்டும் சொல்லு.”

“முடியாதுடா.”

“எங்கிட்டயுமா? இனிமே எவன்டா திருடப் போறான்? எல்லாச் சத்தமும் அந்த மெஷினுக்குள்ளயே கிடக்கு.”

“அப்ப அதையே கூட்டிக்கிட்டுப் போ. சோறு கேக்காது.”

“நான் மேல போறது உனக்குப் பொறுக்கல. அதான் சங்கதி, இல்ல?”

இங்கே என் பாத்திரத்தின்மேல் எனக்கே ஐயம் எழுகிறது. ‘தெரியாதுடா’ என்ற ஒற்றைச் சொல் போதுமே! ஒரு பிரதியில் அதைச் சொல்லவைத்தேன். ரெனார்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாலைக்குள் பிராங்ஸ் முழுவதும் சிரித்தது. தன் தட்டின் பெயரே தெரியாத டிஜே! இன்னொரு பிரதியில், அந்தப் பெயரைக் கேட்டுவர அலோன்ஸோவை, பல காலமாக அவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்த்த போட்டியாளன் ஓட்ஸிடம் அனுப்பினேன். ‘நீ உரிச்சதுக்கு அப்புறம்தான்டா நான் எட்டியே பாத்தேன்’ என்றான் ஓட்ஸ். இரண்டையும் கிழித்தேன். அலோன்ஸோ அப்படிப் பேசுகிறவனும் இல்லை, போகிறவனும் இல்லை.

“ஆமாடா, பொறுக்கல” என்றான் அவன், பொய்யாக. தட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

4

படம் வெளியான பிறகு ஒருநாள் ரெனார்ட் அலோன்ஸோவின் கதவைத் தட்டினான். கதவு திறந்தது. அதற்குப் பின் அந்தப் பெயரைப் பற்றி அலோன்ஸோ சொன்னது உண்மையா, மறுபடியும் அதே பொய்யா என்பதை எழுத எனக்குத் தகுதி போதவில்லை. இருவரையும் இப்போது என்னைப் போலவே அறிந்திருக்கும் தாங்கள் அருள்கூர்ந்து முடித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொய்யாலும் உரித்த லேபிளாலும் போனவற்றை மட்டும் குறித்துவிடுகிறேன். படத்தில் ஓர் இடம். ரெனார்டின் அடுத்த தட்டில் கிடைத்திருக்கக்கூடிய வேலை. பூங்காவில் இருவரும் சேர்ந்து நின்ற சனிக்கிழமைகள். அந்த டிரம்ஸை வாசித்தவர் யாரோ, அவருக்குச் சேர வேண்டிய பெயர்.