சுவரில்லாத வீட்டுக்குக் குடிபூரல்

1

இந்தக் கதை ஒரு கலியாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலைக்காரர் சொன்னது கால்பங்கு. மிச்சம் என் கைவேலை. எது எந்தப் பங்கென்று கேட்கக்கூடாது.

முதல் தொடக்கம்: 'அரியாலையில் 1968ஆம் ஆண்டு, கிழக்கே ஒழுங்கையும் மேற்கே…' அடித்துவிட்டேன். காணி உறுதிப் பத்திரம் வாசிக்கிறமாதிரி இருக்கிறது.

இரண்டாவது: விதவை நாகேஸ்வரிக்கு இரண்டு பெண்கள், ஒரே வீடு. அது மூத்தவளோடு போய்விட்டது. இளையவள் அருந்ததிக்கு மாப்பிள்ளை சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் தாலி ஏறாது. தைக்குள் வீடில்லையென்றால் மாப்பிள்ளை கொடிகாமத்துப் பெண்ணுக்கு.

இதையே வைத்துக்கொள்வோம்.

2

காணி இருந்தது. நாகேஸ்வரிக்கும் தமையன் ஆழ்வாப்பிள்ளைக்கும் பிரிக்காத பரம்பரை முதுசம், முழுக்கப் பனை. அவர் கையெழுத்தில்லாமல் ஒரு வடலிக் கன்றும் வெட்டமுடியாது.

"எடி நாகேசு, பனையை வெட்டினா ஊர் மொட்டையாயிடும்."

"அப்ப பனைக்கு மேலையே அருந்ததி குடும்பம் நடத்துறது?"

"எல்லாரும் வீடு கட்டினா பனைக்கு எங்கை இடம்?"

"இடம் கேட்டு ஒரு பனையும் உங்களிட்டை வரேல்லை, அண்ணை. நான்தான் வந்து நிக்கிறன்."

[இங்கே பனைக்காக நானே ஒரு பக்கம் வாதாடினேன். நல்ல பக்கம். கிழித்துவிட்டேன். பனை எத்தனை தலைமுறையும் பொறுக்கும். சம்பந்தம் பேசினவர்கள் தை வரைதான் பொறுப்பார்கள்.]

3

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆழ்வாப்பிள்ளைக்கு மேளச் சத்தம் கேட்டது.

"ஆரின்ரை வீட்டிலை விசேஷம்?"

"உங்கடை தங்கச்சியின்ரை புது வீட்டுக் குடிபூரல்," என்றான் பக்கத்து வளவு இளையதம்பி. "அண்ணைக்குச் சொல்லேல்லையோ?"

அவர் செருப்பை மாட்டினார். ஓடினார்.

பனைகள் ஒன்றுகூடக் குறையவில்லை. அவற்றுக்கு நடுவே மாப்பிள்ளை வீட்டாரோடு சேர்த்து ஐந்நூறு பேர் (சரி, ஐம்பது) சம்மணமிட்டு இருந்தார்கள். நிலத்தில் சுண்ணாம்புக் கோடுகள்: விறாந்தை, சாமியறை, குசினி. இரண்டு பனைகளுக்கிடையே மாவிலைத் தோரணம். குசினிக் கோட்டுக்குள் பால் பொங்கிக்கொண்டிருந்தது. விசேஷத்துக்கு வந்த பூரணம் மாமி சாமியறைக்கு நடுவில் நின்ற பனையைச் சுற்றிப் பார்த்து, "நல்ல காத்தோட்டம்" என்றாள்.

ஆழ்வாப்பிள்ளை அடுப்பை நோக்கி நேரே பாய்ந்தார்.

"அண்ணை!" நாகேஸ்வரி அலறினாள். "சுவருக்குள்ளாலையே வாறியள்? வாசல் அங்கை!"

ஐம்பது முகமும் திரும்பின. அவருடைய கால் கோட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

பிறகு (இதில் ஒரு சொட்டும் நான் கூட்டவில்லை, சத்தியம்) அவர் காலை இழுத்துக்கொண்டார். முழு வீட்டையும் சுற்றிவந்தார். செருப்பைக் கழற்றினார். இல்லாத வாசல்நிலை தலையில் முட்டிவிடுமென்று குனிந்து உள்ளே போனார்.

உள்ளே நிமிர்ந்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே உறைத்தது.

4

முடிவு ஒன்று: பாலைக் குடித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். (சீனி கூடிப்போச்சு.)

முடிவு இரண்டு: பானையை உதைத்தார். (அந்த மனிசனா? செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர்!)

முடிவு மூன்று: வெளியே ஓடலாமென்று திரும்பினார். வாசலை அடைத்தபடி நாகேஸ்வரி, கையில் பால் செம்பு. மற்றப் பக்கமெல்லாம் வெறும் கோடு, ஓர் எட்டு வைத்தால்…

வைத்தால் அது வீடில்லை. ஐம்பது பேரும் எழும்பிப் போய்விடலாம். கொடிகாமத்தில் பந்தல் போடலாம். வைக்காவிட்டால், அவர் தங்கை வீட்டுக்குள் நிற்கிறார்.

நிற்கிறார். பால் ஆறுகிறது. பேனாவை நான் மூடிவிட்டேன். நீங்களே சொல்லுங்கள்: அந்த வீட்டில் எந்தச் சுவரால் வெளியே போவீர்கள்?