அண்ணியின் முகத்தை நம்பி வாங்கிய செம்பு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அண்ணன். எழுதச் சொன்னான் என்பது மரியாதைக்கு. என் தலையில் கட்டினான் என்பதுதான் சரி. போன வாரம் என் வீட்டுக்கு வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கொடுத்த டீயை ஆறவிட்டுவிட்டுச் சொன்னான்:

"நீ ஒரு கதை எழுதணும்."

நான் எழுதியதில் அவன் இதுவரை ஒரு வரி படித்ததில்லை. புத்தகம் வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தால் கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம்" என்பான். அப்படிப்பட்டவன் கதை கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"என்ன கதை?"

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அவகிட்ட சொல்லணும். வாய் வரமாட்டேங்குது. நீ எழுதுறதை எல்லாம் அவதானே முதல்ல படிக்கிறா? அதுல எழுதிடு."

அவள் என்றால் என் அண்ணி. அண்ணன் சொன்னது உண்மைதான். அண்ணி படித்து ஓரத்தில் பென்சிலால் நான்கு திட்டு எழுதாமல் என் கதை எதுவும் அச்சுக்குப் போனதில்லை. ஆக, இந்தக் கதை பிறந்த விதம் இதுதான்: பயந்த அண்ணன் ஒருவன், இளித்தவாய்த் தங்கை ஒருத்தி.

2

தொடக்கம் மட்டும் பலமுறை எழுதினேன். கிழித்தவற்றில் சிலவற்றை உங்களுக்குக் காட்டுகிறேன்.

"அந்த மலையின் வயிற்றுக்குள் யுகயுகமாகச் செம்பு உறங்கிக்கொண்டிருந்தது, தன்னைத் தேடி வரப்போகும் ஒரு பெண்ணுக்காக—"

(அண்ணி இதைப் பார்த்தால் பென்சிலை முறித்துவிடுவார். அந்த மலையில் செம்பு இல்லை. பிரச்சினையே அதுதான்.)

"அவர் ஒரு பொற்கொல்லர். ஒருநாள் காலையில் அவர் மனைவி பாடிக்கொண்டே—"

(அண்ணனை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று தொழிலை மாற்றிப் பார்த்தேன். ஒட்டவில்லை. தங்கத்தோடு புழங்குகிறவர் செம்புக்காக இப்படிப் புத்தி கெட்டுப் போகமாட்டார்.)

அதனால் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். அண்ணன் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுகிறவன். தண்ணீர் பம்பு, லிஃப்ட் மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் அவன் கடைக்கு வரும். கருகிய கம்பியை வெட்டி உருவி எடுப்பான். பள்ளங்களில் காப்புத்தாளைச் சொருகி, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றுக் கணக்கு மாறாமல் சுற்றி இறக்குவான். வார்னிஷ் ஊற்றிச் சூட்டில் காயவைப்பான். அவன் சட்டையெல்லாம் வார்னிஷ் வாடை. உருவிய பழைய கம்பியை எடைக்குப் போடப் போகும்போதெல்லாம் செம்பு விலை ஏறியிருக்கிறது என்று தெரிந்தால், ஏதோ சொந்தக்காரப் பையன் பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி சந்தோஷப்படுவான்.

"உலகத்துல எது சுத்தினாலும் உள்ள செம்பு இருக்கும்." அவனுடைய வேதம் இந்த ஒரு வரிதான்.

3

இப்போது அண்ணி.

அண்ணி நிலவியல் படித்தவர். செம்பு தேடும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை. வெகுதூரத்தில், ஒரு மலையடிவாரத்து முகாமில் மூன்று வாரம் இருப்பார். பிறகு ஒரு வாரம் வீட்டில். துளைபோடும் இயந்திரம் பாறைக்குள்ளிருந்து உருவி எடுக்கும் நீள நீளமான கல் உருளைகளைப் பெட்டிகளில் அடுக்கி, அங்குலம் அங்குலமாகப் பார்த்து, செம்பின் தடம் இருக்கிறதா என்று குறிப்பது அவர் வேலை.*

* நாக்கால் தொட்டும் பார்ப்பார். ஈரம் பட்டால் கல்லின் நிறம் துலக்கமாகத் தெரியுமாம். கல்யாணமான புதிதில் எங்கள் சமையலறையில் நின்று ஒரு கல்லை நக்கினார். அண்ணன் என் காதில், "பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றான்.

பங்குச் சந்தை பக்கம் போகாதவர்களுக்காக ஒரு விஷயம். இந்த மாதிரிச் சின்ன நிறுவனத்திடம் சுரங்கம் எதுவும் கிடையாது. ஒரு மலையில் துளை போட்டுப் பார்க்கும் உரிமை உண்டு, வாடகைக்கு ஒரு இயந்திரம் உண்டு, அவ்வளவுதான். அதன் பங்கை வாங்குகிறவர்கள் "கிடைத்தாலும் கிடைக்கும்" என்ற நம்பிக்கையைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஒரு துளையில் நல்ல செம்பு வந்தால் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறும். வராவிட்டால் சீந்த ஆளிருக்காது.

துளையில் என்ன வந்தது என்பது ஊருக்குத் தெரிவதற்குப் பல நாள் முன்பே அண்ணிக்குத் தெரிந்துவிடும். அதனால் வேலையில் சேரும்போதே அவரிடம் எழுதி வாங்கியிருந்தார்கள்: பார்த்ததை வெளியில் சொல்லக் கூடாது, அவரோ அவர் வீட்டாரோ அந்த நிறுவனத்தின் பங்கை வாங்கக் கூடாது.

அண்ணி சொன்ன சொல்லைக் காப்பவர். அதனால் அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டானது. அவர் முகாமிலிருந்து திரும்பியதும் "வேலை எப்படிப் போச்சு?" என்று அண்ணன் கேட்கக் கூடாது. "பஸ் எப்படி வந்துச்சு?" என்றுதான் கேட்க வேண்டும். அண்ணியும் பஸ்ஸைப் பற்றி விலாவாரியாகச் சொல்வார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்தத் தடத்தில் ஓடும் எல்லா ஓட்டுநரின் குணமும் அண்ணனுக்குத் தெரியும். எந்த ஜன்னல் மூடாது, எந்த நிறுத்தத்தில் டீ வாயில் வைக்க முடியாது என்பது தெரியும். தன் மனைவி நாள் முழுக்க எதைப் பார்க்கிறாள் என்பது மட்டும் தெரியாது.

4

சில வாரங்களுக்கு முன் அண்ணி முகாமிலிருந்து வந்தார். வந்தவர் பாடினார்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். அண்ணி பாடுகிறவர் அல்ல. பாட்டு அவருக்கு வராது என்பதில் எங்கள் குடும்பத்தில் கருத்து வேற்றுமையே கிடையாது. அவர் துணி துவைத்துக்கொண்டே பாடினார். அண்ணனுக்குப் புதுச் சட்டை வாங்கி வந்திருந்தார். சாப்பிடும்போது காரணமே இல்லாமல் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"பஸ் எப்படி வந்துச்சு?"

"பஸ்ஸா? யார் கவனிச்சா?"

அண்ணன் விடிய விடிய யோசித்திருக்கிறான். கடையில் கம்பி சுற்றும்போது யோசித்திருக்கிறான். துளையில் செம்பு வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டான். அண்ணி திரும்பவும் முகாமுக்குக் கிளம்பிப் போனதும், இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் முழுவதையும் எடுத்து அந்த நிறுவனத்தின் பங்குகளை வாங்கினான்.

அது எதற்காகச் சேர்த்த பணம் என்பதையும் சொல்லவேண்டும். அண்ணி முகாம் வேலையை விட்டுவிட்டு, இங்கேயே ஒரு சின்ன கல் பரிசோதனைக்கூடம் வைப்பதற்காக.

5

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. முகத்தைப் பார்த்துப் பங்கு வாங்குகிறவனை வாசகர் நம்புவாரா? நானே நம்பவில்லை. கடைக்குப் போய் அவனைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பம்பு மோட்டாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"அதெப்படி? கேக்கக் கூடாதே."

"கேக்கக் கூடாதுன்னா வாங்கவும் கூடாதுல்ல?"

"அவளுக்குத் தெரியாம வாங்கினா அவ மேல தப்பு வராதுன்னு நினைச்சேன்."

(இந்த வரியை நான் கற்பனையில் எழுதியிருந்தால் அடித்திருப்பேன். அவ்வளவு அப்பட்டமான அசட்டுத்தனம். அவன் முகத்தைப் பார்த்தபோது அடிக்க மனம் வரவில்லை.)

"பரிசோதனைக்கூடம் வாடகைக் கட்டடத்துல எதுக்கு, சொந்தமாவே வாங்கிக் குடுத்துடலாம்னு பார்த்தேன். சாவியை அவ கையில குடுக்கணும்னு ஆசை."

முகம் என்பது நிறுவனத்தின் ரகசியத் தகவலா? சட்டம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முகத்தைத் தினமும் பார்க்கிற உரிமை அவனுக்குக் கணவனாகக் கிடைத்தது. அதை அவன் சந்தைக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாது.

6

முடிவு வெளியானது. துளைகள் எல்லாவற்றிலும் வெறும் கல். பங்கு மண்ணைக் கவ்வியது. நிறுவனம் முகாமை மூடியது. அண்ணி பெட்டி படுக்கையோடு வீடு வந்து சேர்ந்தார், முன்னைவிட அதிகச் சந்தோஷத்தோடு.

அன்று சமையலறையில் அவரோடு நின்றுகொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார். முடிவுதான் ஊருக்கே தெரிந்தாயிற்றே, இனிப் பேசலாம்.

"போன தடவை வந்தப்பவே எனக்குத் தெரியும், அங்க ஒண்ணும் இல்லைன்னு. கடைசிப் பெட்டியைப் பார்த்து முடிச்சதும் கல்லுங்களுக்கு நடுவுல உக்காந்து சிரிச்சுட்டேன். கூட இருந்தவங்க எல்லாம் என்னமோ பறிகொடுத்த மாதிரி நிக்கிறாங்க, நான் சிரிக்கிறேன். செம்பு கிடைச்சிருந்தா இன்னும் பத்து வருஷம் அந்த மலையடியிலதான்."

பிறகு, இன்னொன்றும் சொன்னார். அதை இங்கே எழுத—

(பொறுங்கள். அதற்கு இன்னும் இடம் வரவில்லை.)

அண்ணன் கடையிலிருந்து இரண்டு கடை தள்ளி ஒரு இடம் காலியாக இருக்கிறது. அண்ணி அதைப் பார்த்து முடிவு செய்துவிட்டார். கல் அறுக்கும் இயந்திரம் எங்கே, உலர்த்தும் அடுப்பு எங்கே என்று டேப் வைத்து அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? என் அண்ணன்தான். "கொஞ்சம் இறக்கிப் பிடிங்க" என்றதும் இறக்கிப் பிடித்தான். திங்கட்கிழமை முன்பணம் கொடுப்பதாகக் கட்டடக்காரரிடம் அண்ணி சொல்லிவிட்டார். கொடுக்கப் பணம் இல்லை என்பது, அந்த அறையில், டேப்பின் ஒரு முனையில் நின்றவனுக்கு மட்டும் தெரியும்.

திங்கட்கிழமைக்குள் இந்தக் கதையை நான் முடித்தாக வேண்டும்.

7

முடிவுகள்.

முதலாவது: பக்கத்து மலையில் யாருக்கோ செம்பு கிடைக்கிறது. அந்தக் காற்றில் நம் பங்கும் ஏறுகிறது. அண்ணன் திங்கட்கிழமை காலையில் விற்றுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் வங்கி வாசலில் நிற்கிறான். (இது பூசி மெழுகுவது. அண்ணன் இந்த முடிவைத்தான் கேட்டான். "கதைதானே" என்றான். முடியாது என்றேன்.)

இரண்டாவது: அண்ணிக்கு முன்பே தெரியும். தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல் அவன் வாய் திறக்கக் காத்திருக்கிறார். (அழகாக இருக்கும். ஆனால் அவருக்குத் தெரியாது. டேப் பிடித்த கையைப் பார்த்து எதையும் ஊகிக்கிறவர் அல்ல அவர். கல்லைத் துருவிப் பார்க்கிறவர், மனிதர்களை அப்படியே நம்புகிறவர்.)

மூன்றாவது: அண்ணி எதுவும் பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு, வேறு ஒரு முகாமுக்கு, வேறு ஒரு மலைக்கு, பஸ் ஏறி—

(என்னால் முடியவில்லை. கதைக்கு இதுதான் பொருத்தமான முடிவு என்று கூட ஒரு விமர்சகர் சொல்லக்கூடும். எனக்கு அண்ணியைப் பிடிக்கும். அந்த முட்டாளையும் பிடிக்கும். இருவரும் சேர்ந்திருக்கும் வீட்டுக்குப் போய் உட்கார்வதுதான் எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த காரியம். அதனால் எழுதமாட்டேன்.)

8

நேற்றுக் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன்.

"அவங்க சந்தோஷமா இருந்ததுக்கு செம்புதான் காரணம்னு எப்படி முடிவு பண்ணே? வேற எதுவும் தோணலையா?"

கையிலிருந்த கம்பியை நேராக்கிக்கொண்டே இருந்தான்.

"அவ்வளவு சந்தோஷத்துக்கு நான் காரணமா இருப்பேன்னு எனக்குத் தோணவே இல்லம்மா."

இதற்குப் பிறகு எனக்குக் கோபம் மிச்சமில்லை.

9

மற்ற வாசகர்கள் இங்கே எழுந்துகொள்ளலாம். இதற்கு மேல் இருப்பது ஒருவர் மட்டும் படிக்க வேண்டியது. ஒட்டுக்கேட்பேன் என்று அடம்பிடித்தால் உங்கள் பாடு.

அண்ணி,

இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். இதில் கற்பனை எதுவும் இல்லை. பணம் போய்விட்டது. நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்கையும் அவன் மீறிவிட்டான். நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும் என்றால், "எங்க வந்து நிக்கணுமோ வந்து நிக்கிறேன்னு அவகிட்ட சொல்லு" என்றான். சொல்லிவிட்டேன். கட்டடக்காரரிடம் நான் பேசுகிறேன். இன்னும் கொஞ்சம் நாள் பொறுத்துக்கொள்வார். அவனை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள். நானும் இரண்டு வார்த்தை சேர்த்துத் தருகிறேன்.

ஆனால் அன்றைக்குச் சமையலறையில் நீங்கள் சொன்ன இன்னொன்று இருக்கிறது. "மத்தியானம் உங்க அண்ணன் கடையில தனியா உக்காந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறதை முகாம்ல தினமும் நினைச்சுப்பேன். அந்த நேரம் எனக்குச் சாப்பாடே இறங்காது. இனிமே கூட உக்காந்து சாப்பிடலாம். அதான் அன்னிக்குப் பாட்டு வந்துச்சு போல." சொல்லிவிட்டு, "அவர்கிட்ட சொல்லிடாதே, தலைக்கு ஏறிடும்" என்றீர்கள். நான் சொல்லவில்லை.

அவன் ரகசியத்தை உங்களிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் ரகசியம் என்னிடம் இருக்கிறது, அதை அவனிடம் கொடுக்கிற வேலை என்னுடையது அல்ல. அவன் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் பக்கம் திருப்பும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். போய் அதைச் சொல்வீர்களா, திட்டுவதற்கு முன்பா, திட்டி முடித்த பிறகா, எனக்குத் தெரியாது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.