புங்க இலை தின்ற புழு

சங்கரன்கோவில் திருவேங்கடம் சாலையில் ஒரு வாடகை மாடி. அதில் ஓர் அறை முழுக்கப் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு புழு, ஒரு கொத்து இலை. வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையடிக் காட்டில் எந்தப் புழு எந்தச் செடியைத் தின்கிறது என்று ஒரு கல்லூரியின் ஆராய்ச்சி நடந்துவந்தது. புழுக்களைப் பிடித்து வந்து வளர்ப்பதும், ரெஜிஸ்டரில் எழுதுவதும் கோமதிசங்கரின் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறார். தெருவில் அவருக்குப் புழுக்கார அண்ணாச்சி என்று பெயர்.

வேலையின் சட்டம் ஒன்றுதான். புழு எந்த இலைமேல் இருந்ததோ அந்த இலையை மட்டும் டப்பாவில் போட வேண்டும். மறுநாள் காலை திறந்து, இலையில் கடித்த தடமும் அடியில் எச்சமும் இருந்தால் 'தின்றது' என்று எழுதலாம். இல்லாவிட்டால் அது அந்தச் செடியின் புழு அல்ல, சும்மா வந்து உட்கார்ந்த புழு. காட்டில் அப்படி உட்காருவது நிறைய.

வியாழக்கிழமை காலை, கூட வேலை பார்க்கும் மாலா செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, எங்க ஊர்ல இப்போ நீங்கதான் பெரிய ஆளு. எங்க மாமா எலுமிச்சைத் தோட்டத்து ஓரத்துல நிக்க பதினோரு புங்க மரத்தையும் அறுக்க ஆள் சொல்லிட்டாவ. நாளைக்கு மிஷின் வருது."

"எதுக்கு?"

"நல்லா கேட்டிய! எலுமிச்சம்பழத்துல ஓட்டை போடுத பூச்சி புங்க எலையைத் தின்னுதான் வளருதுன்னு எழுதினது யாரு? இருநூத்திப் பன்னெண்டாம் டப்பா."

அந்தப் பூச்சியின் புழு சீந்தில் கொடியைத்தான் தின்னும் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் 212-இல் புங்க இலையோடு வந்த புழு, இலைகளைச் சுருட்டிக் கூடு கட்டி, பூச்சியாகவே வெளியே வந்துவிட்டது. ரெஜிஸ்டரில் 'தின்றது' என்றும் இருந்தது. ஆராய்ச்சியை நடத்தும் ராஜேஸ்வரி மேடம் பார்த்துவிட்டு, இன்னொரு முறை சோதிக்கும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றிருந்தார். மாலா வீட்டில் மட்டும் சொன்னாள்.

கோமதிசங்கர் ரெஜிஸ்டரை எடுத்துத் தேதியைப் பார்த்தார். மனைவி தங்கத்தாய் இறந்த ஒன்பதாம் நாள். எழுத்து நேராக, நன்றாக இருந்தது. அந்தக் காலையில் டப்பாவைத் திறந்தது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

நினைவில் இருந்தது வேறு. வந்தவர்கள் எல்லோரும் "சாப்பிட்டியளா" என்று கேட்டார்கள். "சாப்பிட்டேன்" என்றார். சாப்பிட்டிருக்க மாட்டார். அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி வராது. புழுக்களுக்கும் அதையே செய்திருக்கிறார். சாயங்காலம் இலையைப் போட்ட கையோடு மறுநாள் கட்டத்தையும் நிரப்பியிருக்கிறார். பக்கங்களைப் புரட்டினார். ஒரு மாதம் முழுக்க ஓரிடத்திலும் 'தின்னவில்லை' என்பது இல்லை. பதினோரு வருடத்தில் அப்படி ஒரு மாதம் கிடையாது.

பயம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை.

"வா மாலா, மாமாகிட்டச் சொல்லுததுக்கு முன்ன அந்தப் புழுவை எடுத்த மரத்தைப் பார்த்துட்டு வருவோம்" என்றார்.

ஒன்பது மணி பஸ்ஸில் புளியங்குடி வழியாகப் போனார்கள். காட்டோரத்தில் அந்தப் புங்க மரம் நின்றது, அவர் கட்டிய தகரச் சீட்டோடு. அடியிலிருந்து கிளைவரை சீந்தில் சுற்றி ஏறியிருந்தது. சீந்தில் இலைகளுக்கு அடியில் கண் கண்ணாக வளையம் போட்ட இரண்டு கறுத்த புழுக்கள். அவற்றைக் கொண்டுவந்து புங்க இலையோடு மட்டும் அடைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திறந்தார். இலை போட்டது போட்டபடி. எச்சம் ஒரு துணுக்குகூட இல்லை. ஒரு சீந்தில் இலையை உள்ளே வைத்தார். ஒரு புழு தலையைத் திருப்பி, ஓரத்தைப் பிடித்து அரிக்க ஆரம்பித்தது. பிறை வடிவில் ஒரு கடி விழும்வரை பார்த்துவிட்டு மேடத்துக்குப் போன் போட்டார்.

"இருநூத்திப் பன்னெண்டு தப்பு மேடம். அது வளர்ந்து முடிஞ்ச புழு. கூடு கட்ட எடம் தேடி வந்திருக்கு. நான் பார்க்காமலே எழுதிட்டேன்."

"அது ஒண்ணு மட்டுமா?"

"இல்ல. அந்த மாசம் பூராவும்."

"லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே அண்ணா."

"லீவு எடுத்து என்ன செய்ய மேடம்?"

"அந்த மாசத்தை எடுத்துடுறேன். மத்ததையும் பார்க்கணும். அதுவரைக்கும் ரெஜிஸ்டரை மாலா எழுதட்டும்."

"சரி."

மாலாவின் மாமனார் ஆறுமுகச்சாமி போனை எடுக்கவில்லை. கோமதிசங்கரும் மாலாவும் மறுபடி பஸ் ஏறினார்கள். மாலா வழியெல்லாம் மாமனாருக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்கு மரம் விழுந்திருந்தது. ஐந்தாவதில் வாள் பாதி போயிருந்தது.

கோமதிசங்கர் சொன்னதை ஆறுமுகச்சாமி முழுதும் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏன்வே, பார்த்து எழுதுததுக்குத்தான உம்மை வச்சிருக்கு?"

"ஆமா."

"ஆமாங்காரு பாரு!" என்றார் ஆறுமுகச்சாமி. அறுக்க வந்த ஆள் சிரித்துவிட்டு, மருமகள் நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

"அப்போ எதை அழிக்கணும்?"

"அந்தா, சுத்திக் கெடக்கே, அந்தக் கொடியை."

ஆறுமுகச்சாமி விழுந்து கிடந்த மரங்களைப் பார்த்தார். "கொடியைத்தானே? அதை என் பேத்தி இழுத்துப் போட்டிருப்பாளே வே."

"அண்ணாச்சி, இதை என்ன செய்ய?" என்று ஐந்தாவது மரத்தைக் காட்டி ஆறுமுகச்சாமியிடம் கேட்டான் அறுப்பவன். "பாதி போயாச்சு. விட்டா காத்துக்கு மோட்டார் ரூம் மேல சாயும்."

"அதை அறுத்துப் போடு. மிச்சம் ஆறும் நிக்கட்டும்." பிறகு கோமதிசங்கர் பக்கம் திரும்பினார். "நீரு எதுக்குச் சும்மா நிக்கீரு? கயித்தைப் பிடியும். அங்கன போயிராம இந்தப் பக்கமா இழுக்கணும்."

கோமதிசங்கர் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். வாள் இரைந்தது. மரத்தூள் முகத்தில் வந்து அடித்தது. அவர் துடைக்கவில்லை, மரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.