நாடிக் கணக்கும் கால் கிலோ வெல்லமும்

பெண்களின் கோபம் என்பது கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பியின் வேலை. அதில் மாமியாருக்கோ புருஷனுக்கோ துளியும் பங்கில்லை. இந்த உண்மையை 1971-இல் திருவள்ளூரில் முதலில் அறிவித்தவன் நான்தான். அப்போது விலங்கியல் இரண்டாம் வருஷம். தவளை வரைக்கும் அறுத்திருந்தேன்.

அறிவிப்புக்குக் காரணம் என் அக்கா கோதைநாயகி. கல்யாணமான மூன்றாம் வருஷம் அவளுக்குக் கை நடுங்கியது, உடம்பு இளைத்தது. தொட்டதற்கெல்லாம் சீறினாள். ஒருநாள் கும்மிடிப்பூண்டியில் மாமியார் வீட்டு ரசச் சட்டியைக் கிணற்றில் போட்டுவிட்டாள். மூளை பிசகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, மாமியார் அவளை எங்களிடம் அனுப்பிவைத்தாள். தை அமாவாசையன்று அவள் புருஷன் வரதன் வந்து பார்ப்பாராம். தெளிந்திருந்தால் அழைத்துப்போவார், இல்லையென்றால் பெரியவர்களை வைத்து உறவை அறுத்துக்கொள்வது.

மெட்ராஸ் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு அதிகம் சுரக்கிறது என்றார். மாத்திரை எழுதினார். "மனசுல கவலையில்லாம பாத்துக்கோங்க," என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் என் பாடப்புத்தகத்தில் இல்லாததால் நான் குறித்துக்கொள்ளவில்லை.

தினமும் அப்பாவின் கைக்கடிகாரத்தை வைத்து அக்காவின் நாடியை எண்ணி நோட்டில் எழுதினேன். அவளோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீரராகவர் கோயில் குளத்துக்குப் போய், வெல்லம் கரைத்துவிட்டு, ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்திருப்பாள். வெல்லம் கரைவதுபோல வியாதியும் கரையுமாம்.

"ஏங்க்கா, சுரப்பி கயுத்துல கீது. கொளத்துல இன்னா தேடற? மீனுக்குச் சக்கர வியாதி வந்துரப் போவுது."

"நீ அறுத்தியே தவள, அது பொயச்சுதாடா?"

"இல்ல."

"அப்ப வாய மூடிக்கினு நாடியப் புடி."

நோட்டு விசித்திரமாக வளர்ந்தது. மாமியாரின் தபால் கார்டு வந்த நாட்களில் நூற்றுப் பதினெட்டு. குளத்துக்குப் போய்வந்த நாட்களில் தொண்ணூறு. கடிகாரத்தில் கோளாறு என்று ஓரத்தில் எழுதினேன். அப்புறம் ஒருநாள் கார்டு வந்தது. நானே வாங்கினேன். அதை விலங்கியல் ரெக்கார்டு நோட்டுக்குள், மண்ணீரலுக்கும் கணையத்துக்கும் நடுவே சொருகிவிட்டேன். அன்று எண்பத்தெட்டு. இதையும் அறிவியல் என்றுதான் நினைத்தேன்.

தை அமாவாசை. வரதன் மாமா பத்து மணி ரயிலில் வருவதாகச் சேதி. காலையில் அக்காவுக்கு எண்பத்து நாலு. மயில் கழுத்து நிறப் புடவை கட்டிக்கொண்டு, "தலைப்பு சரியா கீதாடா?" என்றாள். கை நடுங்கவில்லை. தற்செயலாக என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நூற்று இருபத்திரண்டு. கழுத்தைத் தடவினேன், வீக்கம் இல்லை.

மளிகைக் கடையில் கால் கிலோ வெல்லம் கேட்டேன்.

"இன்னா தம்பி, ஊட்ல பாயசமா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா," என்றேன்.

குளத்தில் அமாவாசைக் கூட்டம். தெரிந்தவர் கண்ணில் படாமல் கடைக்கோடிப் படியில் இறங்கினேன். அங்கே ஏற்கெனவே ஒருவர், பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தண்ணீருக்குள் அவர் கையில் பெரிய உருண்டையாக வெல்லம்; கரைய மறுத்துக்கொண்டிருந்தது. திரும்பினார். வரதன் மாமா. பத்து மணி ரயில் வர இன்னும் நேரமிருந்தது.

"சும்மா... அம்மா சொல்லிச்சு," என்றார்.

"தள்ளிக்கோங்க மாமா," என்று பொட்டலத்தைப் பிரித்தேன்.