பின்னால் கூப்பிட்ட முதலாளி

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் தங்கதுரைக்கு ஜவுளிக்கடை. அங்கே பெண்களுக்கு ஐந்து மணிக்கு வேலை முடியும். முடியும் என்றால், வருகைப்பதிவு மிஷினில் விரல் வைப்பதோடு சரி. பகலெல்லாம் பிரித்துக் காட்டிய புடவைகளை மடித்து அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். அதற்குச் சம்பளம் கிடையாது. "அஞ்சே நிமிசம்மா" என்பார் முதலாளி. அந்த அஞ்சு நிமிஷம் முடிய ஆறேகால் ஆகிவிடும்.

மற்றவர்களுக்கு ஊருக்குள்ளேயே வீடு. சுபலட்சுமிக்குக் கல்வராயன் மலை. ஐந்தரை பஸ்ஸை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை. இரண்டு தடவை விட்டுவிட்டு, கூட வேலை பார்க்கும் ராணியம்மாள் வீட்டில் தங்கினாள்.

"இன்னொரு வாட்டி பஸ்ஸ வுட்டா வேலையே வாணாம், வூட்டோட இரு" என்று அம்மா பெருமாயி தீர்த்துச் சொல்லிவிட்டாள். ஆசைப்பட்டுச் சேர்ந்த முதல் வேலை. விட மனசு வருமா, கண்ணுகளா?

முதலாளி சகுனம் பார்ப்பது ஜாஸ்தி என்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள். சரக்கெடுக்கக் கிளம்பும்போது யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் போச்சு. திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வாசல் தாண்டுவார்.

புதன்கிழமை ஐந்து மணி. மேசை நிறையப் புடவைக் குவியல். சுபலட்சுமி விரலை வைத்தாள், பையை மாட்டினாள்.

"போய்ட்டு வரேங்க மொதலாளி!" என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்லி வாசலைத் தாண்டினாள்.

"ஏம்மா சுபா, எங்க போற?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் திரும்பி வந்து நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்தாள்.

"பின்னால கூப்ட்டுட்டீங்களே! தண்ணி குடுங்க. மலைப் பாதை, வளைவு ஜாஸ்தி."

புடவை எடுக்க வந்த திருக்கோவிலூர் அம்மாள் அதட்டினாள். "இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? மலையேறுற பொண்ணு, குடுங்க!"

முதலாளியே மொண்டு கொடுத்தார். அவள் குடித்தாள். "போய்ட்டு வரேங்க." இந்தத் தடவை அவர் வாய் திறந்து, அப்படியே மூடிக்கொண்டது.

அடுத்து ராணியம்மாள் விரலை வைத்தாள். பின்னாலேயே கூட வேலை பார்க்கும் ராதிகா. "போய்ட்டு வரோங்க!"

"ஏய், நீங்க உள்ளூரு தானே? ஒங்களுக்கு இன்னா பஸ்ஸு?"

"எங்களயும் கூப்ட்டீங்களா? ரெண்டு சொம்பு எடுங்க."

ஐந்தரை பஸ்ஸில் சுபலட்சுமிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கடையிலோ முதலாளி, புடவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பட்டுப்புடவை ஒன்று மடிப்புக்கு அடங்காமல் பாய்போலச் சுருண்டது. ஏழு மணிக்கு நிமிர்ந்து, கல்லாவில் இருந்த செல்லமுத்துவைக் கேட்டார்: "அஞ்சு நிமிசம் இம்மா நீளமாடா?"

மறுநாள் நாலு மணிக்கே, "மடிக்க ஆரம்பிங்க. அஞ்சுக்கு வெரல வச்சா கெளம்பிகினே இருங்க" என்றார்.

இப்போதும் ஐந்து மணிக்கு மேல் அவர் தொண்டையைச் செருமினால் போதும், ராணியம்மாள் சொம்பைத் தேடுவாள்.