மனாவ் வரிசையில் ஒரு லிசுக்காரி

...ஆறு இனம், ஒரே கச்சின் ரத்தம், இப்படித்தான் கத்தினான் மேடையில், துவா லபாய் ல ராவ், துவா என்றால் தலைவர், யாருக்கு என்று கேட்டால்தான் கொஞ்சம் குழப்பம், ஒலிபெருக்கி கிழியக் கத்திவிட்டு இருவாட்சி அலகு செருகிய தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு மனாவ் ஆட்டத்துக்கு முன்னால் போய் நின்றான், அவன் பின்னால் ஊரே வரிசையாக, அவன் முதுகை ஒட்டி அமி, அந்த ஆறில் ஒன்றான லிசு இனத்து உடுப்பில், கலர் கலராக, வெளிநாட்டுக் கேமராவுக்குத் தோதாக... மற்ற நாளில் "ஏ லிசுக்காரி, ஓரமா நில்லு", இன்றைக்கு மட்டும் "வாங்கம்மா, முன்னாடி வாங்க". சரி, ஆடு. இடது கால், வலது கால், விசிறியை வீசு. மகள் செங் காவ் இந்நேரம் ஆற்றில் இறங்கியிருப்பாள், இறங்கியிருக்க வேண்டும், இடுப்பளவுத் தண்ணீர்தான், இக்கரை பர்மா, அக்கரை சீனா, அங்கே வாழைத் தோட்டத்தில் அமியின் தங்கை கூலிக்கு இருக்கிறாள், போய்ச் சேர்ந்துவிட்டால் மகள் பிழைத்தாள். அதுவரை இந்த ஆட்டம் முடியக் கூடாது. மனாவ் வரிசைக்குள் வந்தவர், முன்னால் போகிறவர் வெளியே நடத்திப்போகும் வரை விலகக் கூடாது, விலகினால் ஊருக்கு ஆகாது, ஆற்றங்கரைக் காவல்காரன்கூட அதோ துப்பாக்கியைச் சாத்திவிட்டு ஆடுகிறான், இதைவிட நல்ல நாள் வாய்க்குமா?

வீட்டுக்கு ஒரு பிள்ளை கச்சின் படைக்கு. கொடுத்தாயிற்றே, மகன் பிராங் மாய் எந்த மலையில் எந்தக் குழிக்குள் குந்தியிருக்கிறானோ... போன வாரம் இந்த ல ராவ் காலணியோடு வீட்டுக்குள் வந்து அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, போட்ட சோற்றை வழித்துத் தின்றுவிட்டுச் சொல்கிறான், "அவன் உங்க வீட்டுக்காரர் கணக்கும்மா, மாரான் குலம். அவருதான் போய்ச் சேர்ந்துட்டாரே. இப்போ நீங்க தனி வீடு, லிசு வீடு. லிசு வீட்லேருந்து ஒண்ணு வேணாமா?" பங்கு அரிசி அளந்து கொடுக்கும்போது இரண்டும் ஒரே வீடு, நிலம் கேட்டால் லிசுக்காரிக்கு இங்கே ஏது நிலம், சாவதில் மட்டும் எல்லா இனத்துக்கும் சரிசமப் பங்கு, என்ன தாராளம்! "உங்க பையன் எங்க, துவா?" என்றாள் அமி. "வெளிநாட்டுல நம்ம இனத்தோட வரலாறு படிக்கிறாம்மா." வரலாறு... இங்கேயே இருந்தால் அதில் அவனும் ஒரு வரியாகிவிடுவான் என்று பயம் போல. ஆட்டம் முடிந்த கையோடு செங் காவைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், அதுதான் உத்தரவு, இனத்துக்கு அவள் செய்ய வேண்டிய கடமை, கடமை என்று சொல்லும்போது ஏப்பம் வந்தது அந்த ஆளுக்கு.

என்ன இது, எங்கே திரும்புகிறான்? நடுக் கம்பங்களில் வரைந்திருக்கிற சுழிதான் பாதை, சுழியின் மையத்தில் வலது பக்கம் திரும்பி வெளியே வர வேண்டும், இவன் கேமராவுக்கு முகம் காட்டிக்கொண்டே இடது பக்கம் திரும்பித் திரும்பவும் உள்ளே போகிறான், ஊரும் பின்னாலேயே போகிறது, கிழங்கட்டைகளுக்கெல்லாம் தெரியும், ஒருத்தர் வாய் திறக்க வேண்டுமே! பின்னாலிருந்து ராய் ஜி, புருஷனின் தங்கை, முதுகில் குத்துகிறாள்.

"அண்ணி, துவா தப்பாப் போறாரு. சொல்லுங்க."

"துவா தப்பு பண்ணுவாரா? மூடிக்கிட்டு ஆடு."

"ஊருக்கு ஆகாது அண்ணி!"

"எந்த ஊருக்கு? எனக்குத்தான் ஊரே இல்லன்னு நீதானே சொன்ன."

"நீங்கல்லாம் அப்படித்தான். எங்க போனாலும் ஒண்ணுதான்."

நீங்கல்லாம். இத்தனை வருஷம் இவர்கள் சோற்றை வடித்து இவர்கள் பிணத்தைக் கழுவி, இன்னும் நீங்கல்லாம். சுற்றட்டும், பொழுது சாயும் வரை சுற்றட்டும், தலைவன் வழி தவறினால் எனக்கென்ன, சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் மகள் ஒரு வாழை வரிசை தள்ளிப் போவாள்... அமிக்குச் சிரிப்பு வந்தது, விசிறியால் வாயை மறைத்துக்கொண்டாள்.

தப்பான பாதை வரிசையின் வாலுக்கே கொண்டுபோய் விட்டது. வாலில் ஆடுகிறவர்கள் படைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஒவ்வொரு முகமாக எதிரே வந்து கடக்கிறது, பாவம், பால் வடியும் முகங்கள், யார் பெற்றதோ, நான்காவது முகம் செங் காவ். பிடித்துவிட்டார்களா? பாவாடை நனையவில்லை. யாரும் தள்ளிக்கொண்டு வரவில்லை, உடம்பில் அப்பன் குலத்து வெள்ளித் தகட்டுச் சட்டை, யார் கொடுத்தது, கால் ஓரிடத்தில்கூடத் தப்பவில்லை, எவ்வளவு நன்றாக ஆடுகிறாள்... "காவ்!" முரசு விழுங்கிக்கொண்டது. எட்டினால் கையைப் பிடித்துவிடலாம். அமி எட்டவில்லை. மகள் ஏறிட்டுப் பார்த்தாள், அம்மாவின் முகத்தை இல்லை, அந்தக் கலர் உடுப்பை, தலையிலிருந்து கால்வரை, ராய் ஜி பார்க்கிற அதே பார்வை, பிறகு கடந்து போய்விட்டாள். விடியும்போது அடுப்படியில் வைத்து, அக்கரைக்குப் போய்விடு என்று சொன்னேனே, ஆற்றைக் காட்டினேனே, சரியென்று தலையாட்டினாளே... ஆட்டினாளா? குனிந்து முடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். குனிந்தபடியேதான் இருந்தாள்.