கடல் சத்தம் கேட்காத வீடு

1

இந்தக் கதை ஒரு பொறாமையில் பிறந்தது. அதுவும் என்னுடைய பொறாமை.

தலத்தெருவில் ஓர் அழகு நிலைய வாசலில் என் மனைவிக்காகக் காத்திருந்தேன். வெயிலில் நிற்கிறானே என்று இரக்கப்பட்டு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சின்ன அறைதான். ஆனால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, கண்ணில் படாமல் சுவரில் மட்டும் பட்டுக் கொண்டிருந்தது. நாலு பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாலு பேர் பேசியதும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. நான் எழுதுகிற அறையிலோ ட்யூப்லைட் நடுமண்டையில் அடிக்கும். ஒருமுறை இருமினால் நாலு மூலையும் திரும்ப இருமும்.

எனக்கு வயிறு எரிந்தது. யார் செய்தது என்று கேட்டேன்.

“கோட்டுச்சேரிமேட்டுலேர்ந்து ஒரு அக்கா வந்து செஞ்சாங்க சார். போட்டுல மீன் புடிக்கிறவங்க வீட்டுப் பொண்ணு. டிசைன் படிச்சிருக்காங்க” என்றாள் கத்தரிக்கோலோடு நின்றவள்.

அந்த அக்காவை நான் இன்றுவரை பார்த்ததில்லை. இனி வருவதெல்லாம் கற்பனை. வயிற்றெரிச்சல் மட்டும் சொந்தச் சரக்கு.

2

அந்த அக்காவுக்குத் தமிழரசி என்று பெயர் வைத்தேன். முதல் தொடக்கம்: “தமிழரசி விளக்கைப் போட்டாள். அறை பூவாக—”

(அடித்துவிட்டேன். இது தமிழரசியைப் பிடித்துப்போனவன் எழுதுகிற வாக்கியம். எனக்கு வேண்டியது அவளைக் கண்டாலே ஆகாத ஒருத்தியின் கண்.)

இரண்டாம் தொடக்கம்: “அந்த டிசம்பர் காலையில் கடல்—”

(இதையும் நிறுத்திவிட்டேன். கரையோரத்தில் யாருக்கும் அதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை.)

மூன்றாம் தொடக்கம்: “மலர்க்கொடி ஓரகத்தி வீட்டை யாருக்கும் தெரியாமல் சாண் போட்டு அளந்தாள்.”

இது நிற்கும்.

3

மலர்க்கொடி ஓரகத்தி வீட்டை யாருக்கும் தெரியாமல் சாண் போட்டு அளந்தாள். ஓரகத்தி தமிழரசி உள்ளே டீ போட்டுக் கொண்டிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் ஜன்னலிலிருந்து கதவுவரை சுவரைத் தடவித் தடவி அளந்து முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவளாக நாற்காலியில் உட்கார்ந்து கொண்டாள். தன் வீட்டு முன்னறையை நேற்றே அளந்து வைத்திருந்தாள். இரண்டும் ஒரே அளவு.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு சாணாவது கூட இருந்திருந்தால், குலுக்கலில் தமிழரசிக்குப் பெரிய வீடு விழுந்துவிட்டது என்று மனசைத் தேற்றிக் கொண்டிருக்கலாம்.

கடல் வந்துபோன பிறகு, கரையை விட்டு உள்ளே தள்ளி, வயலை மேடுபடுத்திக் கட்டிக்கொடுத்த இரட்டை வீடுகள் அவை. இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், நடுவில் ஒற்றைச் சுவர். மலர்க்கொடியின் புருஷன் மணிவேலுக்கும் தமிழரசியின் புருஷன் தர்மலிங்கத்துக்கும் அடுத்தடுத்து விழுந்தது. ஒரே படகில் போகிற அண்ணன் தம்பி. ஒரே ரோஸ் கலர் டிஸ்டம்பர், ஒரே வெள்ளை டைல்ஸ். ஆனால் மலர்க்கொடி வீட்டில் கிண்ணம் விழுந்தால் தெருமுனைவரை கணகணவென்று கேட்டது. தமிழரசி வீட்டில் கிண்ணம் விழுந்தால் விழுந்த இடத்தோடு சரி.

4

தமிழரசி அப்படி என்னதான் செய்துவிட்டாள்?

ஜன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடி மாட்டினாள். பகல் வெளிச்சம் இரட்டிப்பானது. தலைக்கு மேலிருந்த ட்யூப்லைட்டைக் கழற்றிவிட்டு, மஞ்சள் பல்பு ஒன்றை மூலையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அறையின் ஓரங்கள் விலகிப் போனதுபோல இருந்தது. தரையில் கயிற்றுப்பாய். சுவரில் சட்டம் அடித்து உள்ளே தேங்காய் நார் திணித்து மேலே கைத்தறித் துணி. ஜன்னலுக்குக் கனத்த திரை. அவ்வளவுதான். டைல்ஸும் சிமெண்டும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், துணியும் நாரும் அதை விழுங்கும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த வகுப்புதான் மலர்க்கொடியின் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. கடலோரப் பெண்களுக்கென்று ஆறு மாதப் பயிற்சி நடத்தினார்கள். வீட்டுக்கு ஒருத்தி என்றார்கள். அப்போது இரண்டு குடும்பத்துக்கும் ஒரே ரேஷன் அட்டை. முதலில் மலர்க்கொடியைத்தான் கேட்டார்கள். “ஸ்கிரீன் துணி தைக்கிறதையெல்லாம் ஒரு படிப்புன்னு ஒக்காந்து படிக்கணுமாக்கும்? எனக்கு வியாபாரம் கெடக்கு. நீ போடி” என்று தமிழரசியை அனுப்பிவைத்ததே அவள்தான். எல்லாரும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் மீன் கூடையைத் தூக்கினாள்.

இப்போது தமிழரசிக்கு ஒரு துணிக்கடை, ஒரு அழகு நிலையம், ஒரு பல் டாக்டர் வீடு என்று வேலை வந்து கொண்டிருந்தது. தோளில் பை, இடுப்பில் அளவு நாடா. மலர்க்கொடியின் கையில் மட்டும் அதே சங்கரா மீன், அதே கிழங்கான்.

* இந்த இடத்தில் மலர்க்கொடி என்னிடம் சண்டைக்கு வந்தாள். “எல்லாத்துலயும் நாந்தான் மட்டமா? ஒரு நல்லதுகூட நான் செய்யலியா?” என்று கேட்டாள். நியாயம்தான். ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன், சொன்னால் கதை கனத்துவிடும் என்று. அந்த டிசம்பர் காலையில் தமிழரசியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து மேட்டில் ஏற்றியவள் மலர்க்கொடி. தமிழரசியின் அம்மா குஞ்சம்மாவை யாராலும் பிடிக்க முடியவில்லை.

5

பழைய குப்பத்தில் அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் வீடுகள். அங்கே சாதாரணமாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. கத்தினால்தான் பேச்சு. அதில் ஒரு வசதியும் இருந்தது. அடுத்த வீட்டுக்காரியைப் பற்றி உன் வீட்டுக்குள் நின்று எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் கடல் அதை மூடிவிடும். அந்தக் குப்பத்தில் பாதிக் குடும்பங்கள் ஒற்றுமையாக இருந்தது கடல் இரைச்சலால்தான் என்று நான் நினைக்கிறேன்.

புது வீடுகளுக்குக் கடல் கேட்காது. வீடு மாறிய யாரும் தொண்டையை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

2008 மாசியில் ஒரு மத்தியானம். மலர்க்கொடி விற்றுமுடித்து வந்து வாசலில் கூடையைக் கழுவிக் கொண்டிருந்தாள். தெருவில் கார் ஒன்று நுழைந்து, கழுவிய தண்ணீரிலேயே சக்கரத்தை விட்டு நின்றது. கண்ணாடி இறங்கியது.

“இந்தாம்மா, டிசைனர் மேடம் வீடு எது?”

மேடம்! மலர்க்கொடி கையிலிருந்த தேங்காய் நாரால் பக்கத்து வாசலைக் காட்டினாள். கல்யாண மண்டபத்துக்காரர். மண்டபத்தில் மைக் வைத்தால் ஒன்றும் புரியவில்லை, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாகத் தமிழரசியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். போய் வேலையை ஒத்துக்கொண்டு அவள் சாயங்காலம் அதே காரில் திரும்பி வந்து இறங்கினாள். மலர்க்கொடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்கதவை டிரைவர் வந்து திறந்துவிட்டான்.

தமிழரசி வீட்டுக்குள் போன பிறகுதான் மலர்க்கொடி சொன்னாள். வலை பின்னிக் கொண்டிருந்த மணிவேலைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் கரையில் நின்று படகைக் கூப்பிடுகிற தொண்டை அது.

“கடலு எத்தினி பேரக் கொண்டுபோச்சு! இவளையும் சேத்துக் கொண்டுபோயிருக்கக் கூடாதா? நாந்தானே புடிச்சு இழுத்தேன். வுட்டுருக்கணும்.”

மணிவேல் வலையைக் கீழே வைத்தான்.

“என்னா பேச்சுடி இது? வாயக் கழுவு மொதல்ல.”

“நம்ம வூட்டுக்குள்ளதானே பேசறேன். யாருக்குக் கேக்குது?”

6

மறுநாள் காலை தமிழரசி அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

“அக்கா, மண்டப வேலைக்கு நார் எறக்குறாங்க. கொஞ்சம் மிச்சமாகும். ஒங்க ரூமையும் செஞ்சு குடுத்துடறேன்.”

மலர்க்கொடி வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அந்த மஞ்சள் வெளிச்சம் தன் வீட்டிலும் விழப்போகிறது என்றதும் ஆசை முந்திக்கொண்டது. “ஒனக்கு ஏன்டி செரமம்” என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு வழிவிட்டாள்.

(இங்கேதான் எனக்குத் தமிழரசி மேல் சந்தேகம். முதல் நாள் சாயங்காலம் அவள் துணி போர்த்திய அந்த அமைதியான அறையில்தான் இருந்தாள். நான் அவளைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன்: கேட்டதா, கேட்கவில்லையா? கேட்டிருந்தால் இது என்ன, பெருந்தன்மையா, பழியா? அவள் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு சட்டம் அடித்துக் கொண்டிருந்தாள்.)

வேலை நடக்கும்போது மலர்க்கொடி ஒரு கேள்வி கேட்டாள். அதையும் ஒரு குத்தலாகத்தான் கேட்டாள்.

“இதப் போட்டுட்டா ஒங்க வூட்டுச் சிரிப்பெல்லாம் எங்களுக்குக் கேக்காதுல்ல?”

தமிழரசி ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள்.

“அது வேற, இது வேறக்கா. நார் போட்டா நம்ம ரூமுக்குள்ள ஓடுற எதிரொலிதான் கொறையும். சுவரு தாண்டி வர்றது நிக்காது. அத நிறுத்தணும்னா சுவரு கனமா இருக்கணும். இது உள்ள வெறும் பொந்தா இருக்குற பொள்ளக் கல்லு. போதாததுக்கு ரெண்டு வூட்டு சுவிட்சுப் பொட்டியும் முதுகோட முதுகா ஒரே ஓட்டையில வச்சிருக்கான்.”

அவள் சொல்லத்தான் செய்தாள். மலர்க்கொடி கேட்டால்தானே? விளக்கை எந்த மூலையில் வைத்தால் தமிழரசி வீட்டை விட எடுப்பாகத் தெரியும் என்று பார்த்துக் கொண்டிருந்தாள்.

7

வேலை முடிந்தது. சாயங்காலம் மலர்க்கொடி மஞ்சள் பல்பைப் போட்டாள். சுவர் மெல்ல ஒளிர்ந்தது. மணிவேலைக் கூப்பிட்டாள், அவள் குரல் போய்த் திரும்பி வராமல் அவனோடு நின்றது. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ‘இப்ப ரெண்டும் ஒண்ணுதான். என்னா பெரிசா கிழிச்சுட்டா?’ என்று நினைத்துக்கொண்டாள். மணிவேல் கரைக்குக் கிளம்பிப் போனான். அவள் புதுப் பாயில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

(இங்கே சுவர் வழியாக அவள் எதையாவது கேட்க வேண்டும். “எனக்கும் அக்காவைப் பாத்தா பொறாமதான்” என்று தமிழரசி புருஷனிடம் சொல்வதாக எழுதினேன். கணக்குச் சரியாக முடிகிறது, அதனாலேயே பொய்யாக இருக்கிறது. அடித்தேன். “அக்கா பாவம்” என்று எழுதினேன். மலர்க்கொடி அதைக் கேட்டிருந்தால் நாரை அப்போதே பிய்த்து எறிந்திருப்பாள். அதையும் அடித்தேன்.)

அவள் கேட்டது இதுதான்.

“கொழம்புல உப்பு பாத்தீங்களா?”

தமிழரசி தன் வீட்டில், தன் புருஷனிடம், சாதாரணமாகக் கேட்டாள். கத்தவில்லை.

“கொஞ்சம் கம்மிதான். இருக்கட்டும்” என்றான் தர்மலிங்கம்.

இத்தனை நாள் அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து வந்ததெல்லாம் மலர்க்கொடியின் காதில் கலங்கலாகத்தான் விழுந்திருக்கிறது, ஒரு முனகலாகவோ சிரிப்பாகவோ. அவள் வீட்டு எதிரொலி வார்த்தைகளைக் குழப்பிவிடும். இப்போது ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. தர்மலிங்கம் விரலை நக்கிய சத்தம்கூட விழுந்தது.

மலர்க்கொடி முதலில் சிரித்தாள். அட, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று. அப்புறம் சிரிப்பு நின்றது. அறையைச் சுற்றிப் பார்த்தாள். திரை, பாய், நார். அந்த வீட்டில் இருக்கிற அதே திரை, அதே பாய், அதே நார். அந்த வீட்டில் இவை வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

‘கடல் கொண்டுபோயிருக்கக் கூடாதா’ என்று இவள் சொன்னது சாயங்காலம். தமிழரசி நாடாவோடு வந்தது மறுநாள் காலை.

மலர்க்கொடிக்கு அவமானமாக இருந்தது, பயமாக இருந்தது. அதற்கு நடுவிலும் ஓர் எரிச்சல் அணையாமல் கிடந்தது: கேட்டும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் இருந்திருக்கிறாளே, அதிலும் இவளே ஜெயித்துவிட்டாளே!

8

முடிவுகள்.

முதல் முடிவு: மலர்க்கொடி ஓடிப்போய்த் தமிழரசியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (அவளை எனக்குத் தெரியும். செய்ய மாட்டாள்.)

இரண்டாம் முடிவு: சட்டங்களைப் பிடுங்கி வாசலில் போட்டுவிட்டு, பழையபடி கணகணக்கிற அறைக்குத் திரும்புகிறாள். (செய்யக்கூடியவள்தான். எழுந்து சட்டத்தில் கைகூட வைத்துவிட்டாள். ஆனால் விளக்கு வெளிச்சம் அவள் கைமேல் விழுந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள்.)

மூன்றாம் முடிவு: தமிழரசி அன்று ஒன்றும் கேட்கவே இல்லை, குழாயடியில் நின்றிருந்தாள் என்று கடைசியில் தெரிய— (இல்லை. இது கோழைத்தனம். என்னுடையது.)

அதனால் அவளை அங்கேயே நிறுத்துகிறேன். மலர்க்கொடி சுவரோரம், சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் ஓய்ந்துவிட்டது. தர்மலிங்கம் கை கழுவப் போயிருக்கிறான். தமிழரசி மூச்சுவிடுவது கேட்கிறது. அவள் மூச்சு இவளுக்குக் கேட்கிறதென்றால், இவள் மூச்சும் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

“அரசி” என்கிறாள் மலர்க்கொடி.

“சொல்லுங்கக்கா.”

அடுத்த வாக்கியம் எனக்கு வரவில்லை. எழுதி எழுதிப் பார்த்தேன். என் அறையில் எல்லாமே எதிரொலித்துக் கெட்டுப்போகிறது. மன்னிப்பா, சண்டையா, உப்புப் போடச் சொல்வதா, எதுவானாலும் நீங்களே மலர்க்கொடிக்காகச் சொல்லுங்கள். சொல்லும்போது தொண்டையை மட்டும் உயர்த்தாதீர்கள். இங்கே கடல் இல்லை.